பெரியப்பா கேட்ட தகர சீலிங்

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. மாலை நிகழ்ச்சியை முடித்து ஒலிபரப்புக் கூடத்தைவிட்டு வெளியே வந்தபோது, கைப்பேசியில் பெரியம்மாவின் அழைப்பு ஏழு முறை வந்திருந்தது. வயிற்றில் ஏதோ செய்தது. வயதானவர்கள் இருக்கும் வீட்டிலிருந்து ஏழு அழைப்பு என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"கூடத்துல சீலிங் விழுந்துருச்சும்மா. சாப்பாட்டு மேசை மேலயே விழுந்துருச்சு. பெரியப்பா அப்பத்தான் கை கழுவ எழுந்து போனாரு."

யாருக்கும் அடியில்லை. மேசையில் இருந்த ரசக் கிண்ணமும் ஒரு தட்டும்தான் போயின. ஆனால் அன்றிரவே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு சீலிங்கைவிட்டு எங்கேயோ போய்விட்டது. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனும் ஷா ஆலமில் இருக்கும் தம்பியும் ஒரே குரலில் எழுதினார்கள்: "போதும். வீட்டை விற்றுவிட்டு, மின்தூக்கி உள்ள அடுக்குமாடிக்குப் போய்விடுங்கள்."

வீடு, டத்தோ கிராமாட் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. போருக்கு முன்பு கட்டிய மாடி வீடு. பெரியப்பா தன் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கியது. அவருக்கு இப்போது 78 வயது. வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லாம் படித்தார். பதில் எதுவும் போடவில்லை. மறுநாள் நான் போனபோது, பேரன் கைப்பேசியில் காட்டியிருந்த ஒரு படத்தை என்னிடம் நீட்டினார். ஜார்ஜ்டவுனில் ஏதோ ஒரு காப்பிக் கடை. அதன் மேற்கூரையின் உட்பக்கம் முழுக்க, கோலம் போட்டதுபோல் பூ வேலை புடைத்து நிற்கும் உலோகத் தகடுகள்.

"இதுக்குப் பேரு டின் சீலிங்காம். இதைப் போட்டுடலாம்மா. முப்பது வருஷம் ஈயம் உருக்கியிருக்கேன். என் வீட்டுல ஈயத்துல ஒரு சாமானாவது இருக்கா?"

சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: "அப்ப நான் ரசம் எதுல வெக்கிறேனாம்?"

ஈயம் உருக்கிய ஊர்

இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேரில் படம் பார்க்கவும் பொருள் வாங்கவும் போகும் இளைஞர்களில் பலருக்கு, அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாது. அங்கேதான் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் நிறுவனத்தின் ஈய உருக்காலை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சீன வணிகர் தொடங்கிய உருக்குப் பட்டறை அது. 1907இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் என்ற பெரிய நிறுவனமாக மாறியது. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனத்தின் உருக்காலை. கிந்தா பள்ளத்தாக்கிலும் லாருட்டிலும் எடுத்த ஈய மணல், இந்த இரண்டு ஆலைகளையும் தேடி வந்தது. சுரங்கத்தை நம் பெரியவர்கள் 'லம்பம்' என்பார்கள். மலாய்ச் சொல்லான 'லொம்போங்' நம் வாயில் அப்படி ஆனது.

பெரியப்பா வேலைக்குச் சேர்ந்தது 1960களின் பிற்பாதியில். அந்தக் காலத்தில் உலகத்துக்கு அதிகம் ஈயம் கொடுத்த நாடு நம்முடையது. 1984இல் கோலாலம்பூர் ஈயச் சந்தை தொடங்கும்வரை, அன்றாட ஈய விலை பினாங்கில்தான் முடிவானது. "ரேடியோ செய்தியில ரப்பர் விலையும் ஈய விலையும் சொல்லுவாங்க. அதைக் கேட்டுட்டுத்தான் டீக்கடையில சண்டையே ஆரம்பிக்கும்" என்பார் அவர். நான் வானொலிக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன நாளில், வீட்டில் முதலில் மகிழ்ந்தவரும் அவர்தான். "ஈய விலை சொல்லுவியா?" என்று கேட்டார். எனக்கு அப்போது அந்தக் கேள்வி புரியவில்லை.

1985 அக்டோபரில் அது சரிந்தது. விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அனைத்துலக ஈய மன்றத்தின் கையில் பணம் தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரத்தையே நிறுத்தினார்கள். விலை பாதியாக விழுந்தது. பேராக்கில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. பெரியப்பாவின் ஆலையில் வேலை உடனே போய்விடவில்லை. ஆனால் அதன்பிறகு எதுவும் முன்புபோல் இல்லை என்று மட்டும் சொல்வார். பிறகு ஆலையும் போய், அந்த இடத்தில் கடைகளும் கோபுர வீடுகளும் வந்துவிட்டன. அண்ணனும் தம்பியும் "அடுக்குமாடி" என்று சொன்னபோது அவர் ஏன் பதில் போடவில்லை என்று எனக்கு அப்போதுதான் லேசாகப் புரிந்தது.

டின் சீலிங் எங்கே பிறந்தது?

அவர் கேட்டுவிட்டார். வானொலிக்காரி நான், விசாரிக்காமல் விடுவேனா? கிடைத்த நேரத்தில் எல்லாம் படித்தேன், கேட்டேன்.

ஐரோப்பிய மாளிகைகளில் மேற்கூரையின் உட்பக்கத்தில் சுண்ணச்சாந்தால் பூவும் கொடியும் செய்து வைப்பார்கள். அதற்குக் கைதேர்ந்த கொத்தர் வேண்டும், பணமும் வேண்டும். அமெரிக்காவில் 1880களிலிருந்து நடுத்தரக் குடும்பங்களும் கடைக்காரர்களும் அந்த அழகைக் குறைந்த செலவில் விரும்பினார்கள். மெல்லிய இரும்புத் தகட்டைக் கீழ் அச்சின்மேல் வைத்து, மேலிருந்து கனத்த அச்சை விழவைத்தால் பூ வேலை தகட்டில் பதிந்துவிடும். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடிக்கு நான்கடி என்ற அளவுகளில் செய்து, ரயிலில் அனுப்பினார்கள். ஊரில் ஒரு தச்சர் போதும். மரச் சட்டம் அடித்து, தகட்டை ஆணியில் பொருத்தி, வெள்ளைச் சாயம் பூசினால் வேலை முடிந்தது. பார்ப்பவர்களுக்குச் சாந்து வேலையாகவே தெரியும். தீ சட்டென்று பற்றாது என்பதும் விற்பனைக்கு உதவியது. மிசௌரி மாநிலத்தில் நெவாடா என்ற சிற்றூரில் 1898இல் தொடங்கிய டபிள்யூ.எஃப்.நார்மன் என்ற ஆலை, கயிற்றால் தூக்கி விழவைக்கும் பழைய சம்மட்டிகளாலேயே இந்தத் தகடுகளைச் செய்து பெயர் வாங்கியது.

ஆஸ்திரேலியாவில் இதைப் பரப்பியவர்கள் சிட்னியின் வுண்டர்லிக் சகோதரர்கள். சிட்னி நகர மண்டபத்தின் பெரிய கூடத்தில் உலகிலேயே பெரிய ஆர்கன் இசைக்கருவி ஒன்றை வைக்கத் திட்டமிட்டார்கள். அது முழங்கினால் அதிர்வில் சாந்துப் பூ வேலை பெயர்ந்து, கூட்டத்தின் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயம் வந்தது. அதனால் உலோகத் தகட்டைப் பொருத்தினார்கள். ஒலியை வைத்துப் பிழைக்கும் எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்தது.

இரண்டாம் உலகப் போரில் இரும்பு ஆயுதத்துக்குப் போனது. பிறகு மலிவான ஜிப்சம் பலகை வந்தது. தகர சீலிங் மெல்ல மறைந்தது. இப்போது காப்பிக் கடைகளும் தங்கும் விடுதிகளும் அதைத் திரும்பக் கொண்டு வந்திருக்கின்றன.

காரைக்குடியில் பார்த்தது

படித்துக்கொண்டே வந்தபோது சில ஆண்டுகளுக்கு முன் போன ஒரு பயணம் நினைவுக்கு வந்தது. தோழி ஒருத்தியின் திருமணத்துக்காகக் காரைக்குடி போயிருந்தேன். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் எல்லோரும் தரையைப் படம் எடுப்பார்கள். ஆத்தங்குடிக் கல் அப்படி. தூண்களைத் தொட்டுப் பார்ப்பார்கள், பர்மாத் தேக்கு. நான் கழுத்து வலிக்க மேலே பார்த்தேன். சில வீடுகளில் மேலே பூ வேலை புடைத்த உலோகத் தகடுகள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை என்றார்கள். இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி விளக்கு ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் பொருள் அது.

அந்த வீடுகளைக் கட்டிய பணம் எங்கிருந்து போனது? பர்மா, இலங்கை, மலாயா. நம் லெபோ பினாங்கில் கிட்டங்கி வைத்து, தோட்டக்காரருக்கும் சுரங்கக்காரருக்கும் வணிகருக்கும் கடன் கொடுத்த நகரத்தார்கள் இங்கேதான் உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள். இங்கே உருக்கிய ஈயம் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனது. தெற்கு வேல்ஸில் இரும்புத் தகட்டின்மேல் அதைப் பூசினார்கள். அதுவே பிஸ்கட் டின்னாகவும் மண்ணெண்ணெய் டின்னாகவும் நம் தோட்டத்து லயங்களுக்கே திரும்பி வந்தது. காலியான டின்னை வெட்டி விரித்து, கோழிக்கூண்டுக்கும் சமையல்கட்டுக்கும் அடித்துக்கொண்டார்கள் நம் பாட்டன்மார். ஒரே உலகச் சந்தையில் ஒருவர் தலைக்குமேல் பூ வேலைத் தகடும், இன்னொருவர் தலைக்குமேல் ஒழுகும் தகரமும் இருந்தன.

நம்மூரிலேயே தகட்டு வேலைக்குப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. தைப்பூசத்துக்கு முன்தினம் லெபோ பினாங்குக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும் நகரத்தாரின் வெள்ளி ரதத்தைச் சொல்கிறேன். 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலில் வந்த ரதம். மரத்தின்மேல் வெள்ளித் தகட்டை நகாசு வேலை செய்து போர்த்தியிருக்கிறார்கள். அங்கே கைவினைஞர் சிற்றுளியால் தட்டித் தட்டிச் செய்ததை, அமெரிக்க ஆலை ஒரே அடியில் செய்தது. வித்தியாசம் அவ்வளவுதான். பெரியப்பா வீட்டுச் சந்து முனையில் நின்று ஆண்டுதோறும் அந்த ரதத்துக்குத் தேங்காய் உடைக்கிறோம். இத்தனை ஆண்டுகளில் அதன் தகட்டை நான் உற்றுப் பார்த்ததே இல்லை.

அழாத ஈயம்

ஒரு சனிக்கிழமை பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு, இப்படிப்பட்ட தகடுகள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி பத்து வகை எடுத்து வைத்தார். பெரியப்பா எதுவும் பேசாமல் ஒரு மாதிரித் துண்டைக் கையில் எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக வளைத்தார்.

"ஐயா, வளைஞ்சிடும்" என்றார் தம்பி பதறிப்போய்.

"இது ஈயம் இல்லப்பா" என்றார் பெரியப்பா.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். விரல் தடிமனில் ஓர் ஈயக் கம்பி. வேலையைவிட்ட நாளில் நினைவுக்காகக் கிடைத்தது. என் காதருகே அதை வளைத்தார். சரசரவென்று, காய்ந்த கட்டை முறிவதுபோல் ஒரு சத்தம். "ஈயம் அழுவுது பாரு" என்றார். உண்மைதான். ஈயத்தை வளைக்கும்போது உள்ளே இருக்கும் படிகங்கள் இடம் மாறுவதால் வரும் சத்தம் அது. ஆங்கிலத்திலும் அதை ஈயத்தின் அழுகை என்றே சொல்கிறார்கள். கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் நிகழ்ச்சியில் ஒலிபரப்பினேன். "இது என்ன சத்தம்?" என்று கேட்டதற்கு மரக்கதவு, முறுக்கு, முட்டிவலி என்றெல்லாம் பதில் வந்தது. ஈப்போவிலிருந்து அழைத்த ஒரு பாட்டி மட்டும் சரியாகச் சொன்னார்: "ஈயம் அம்மா, ஈயம். எங்க வீட்டுக்காரர் லம்பத்துல இருந்தார்."

ஆக, டின் சீலிங் என்ற பெயரில் டின் பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்துத் தகடு, ஈயத்தை மேலே மெல்லியதாகப் பூசிய இரும்பு. பல சமயம் அந்தப் பூச்சுகூட இல்லாமல் சாயம் அடித்த வெறும் இரும்பு. இப்போது கடையில் கிடைப்பது அலுமினியம் அல்லது துத்தநாகம் பூசிய இரும்பு. உலோகம்போலவே தோன்றும் பிவிசி பிளாஸ்டிக்கும் உண்டு. வீட்டில் இருந்த ஒரே ஈயம் பெரியம்மாவின் ரசச் சொம்புதான். 232 டிகிரி செல்சியஸில் ஈயம் உருகிவிடும் என்பதால்தான், வெறும் ஈயச் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்று நம் பாட்டிமார் சொன்னார்கள்.

பெரியப்பாவின் முகம் வாடியிருந்தது. "அப்ப பேருதான் ஈயமா?" என்றார்.

தச்சர் ஏணி போட்டபோது

எப்படியும் கூடத்தின் சீலிங்கைச் சரிசெய்தாக வேண்டும். பழைய வீடுகளில் வேலை பார்த்துப் பழகிய ஒரு தச்சரை அழைத்தோம். அவர் சீலிங்கைப் பார்ப்பதற்கு முன் மாடிக்குப் போனார். குளியலறைக் குழாய் பல மாதமாகக் கசிந்திருக்கிறது. கூடத்தின் பிளைவுட் பலகை ஊறி ஊறி ஒருநாள் விழுந்திருக்கிறது. "காரணத்தை விட்டுட்டு புது சீலிங் போட்டா அதுவும் விழும். உலோகமா இருந்தா இன்னும் மோசம். தண்ணி மேலயே தேங்கி நிக்கும், கீழ தெரியாது" என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் எங்களை உலுக்கியது. மாடிப் படுக்கையறையின் சாம்பல் நிறத் தகட்டைக் காட்டி, "இதை யாரும் தொடாதீங்க. ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம்" என்றார்.

ஒரு சிறு துண்டை முறைப்படி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஆஸ்பெஸ்டாஸ்தான். நம் நாட்டில் பழைய வீடுகள் பலவற்றில் சீலிங்காகவும் கூரையாகவும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் தகடு இருக்கிறது. அது உடையாமல், பெயராமல் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. துளையிட்டாலோ உடைத்தாலோ தேய்த்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் தூசியாகக் கிளம்பும். மூச்சில் போனால் அவை நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்துக்கூட வரலாம். நான் ஒன்றை நினைத்து நடுங்கினேன். "நாமளே கழற்றிடலாம், காசு மிச்சம்" என்று தம்பி எழுதியிருந்தான். விடுமுறைக்கு வந்து, சுத்தியலோடு ஏணியில் ஏறியிருந்தால்? கீழே பேரப்பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மாடித் தகடுகள் நல்ல நிலையில் இருந்ததால் தொடாமல் விட்டோம். ஆணியோ மின்விசிறிக் கொக்கியோ புதிதாக அதில் அடிப்பதில்லை என்று முடிவு செய்தோம். என்றைக்காவது எடுக்க வேண்டியிருந்தால், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும்.

கூடத்துக்கு வந்தார் தச்சர். மிச்சமிருந்த பிளைவுட் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அது 1970களில் யாரோ அடித்தது என்றார். கடைசிப் பலகை இறங்கியதும் எல்லோரும் மேலே பார்த்தோம்.

மாடியின் பலகைத் தளமும் அதைத் தாங்கும் கனத்த மர உத்திரங்களும். செங்கால் மரம். கறையான் தொடவில்லை. தூசியைத் துடைத்ததும் தேன் நிறத்தில் மின்னியது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் கீழ்த்தளத்துக்குத் தனியாக சீலிங் கிடையாது. மாடியின் தளமே கீழே இருப்பவருக்குக் கூரை என்று தச்சர் விளக்கினார். இந்த அழகு பெரியப்பாவின் தலைக்குமேல் இத்தனை ஆண்டுகளாக மூடிக் கிடந்திருக்கிறது. அவர் வெகுநேரம் நாற்காலியில் சாய்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுக்கு மேல என்னத்தை ஒட்டறது?" என்றார்.

போட நினைப்பவர்களுக்கு

எங்கள் கூடத்துக்குத் தேவைப்படவில்லை. ஆனால் தகர சீலிங் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. புது வீடு வாங்கிய இளம் தம்பதிகள் பலர் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். தச்சரிடமும் மின்பணியாளரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கூரை, அடுத்து தண்ணீர்க் குழாய், அதன்பிறகு மின்கம்பி, கடைசியில்தான் சீலிங். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பழைய மின்கம்பியின் உறை உரிந்து உலோகத் தகட்டில் பட்டால் சீலிங் முழுக்க மின்சாரம் பாயலாம். உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் காட்டி, தகட்டுக்கு எர்த் இணைப்பு வேண்டுமா என்று கேளுங்கள்.

மின்விசிறியின் பாரத்தை உத்திரமோ கான்கிரீட்டோதான் தாங்க வேண்டும். தகட்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

நம் ஊரில் கடற்காற்றும் ஈரமும் அதிகம். இரும்புத் தகடானால் வெட்டிய ஓரங்களிலிருந்து துரு ஏறும். முன்னும் பின்னும் துரு தடுக்கும் சாயம் வேண்டும். கடலோரத்திலும் குளியலறையிலும் அலுமினியம் நல்லது. தகரக் கூரைக்கு நேர் கீழே உலோக சீலிங் போட்டால், இடையில் வெப்பத்தைத் தடுக்கும் பொருள் வைக்காவிட்டால் பகலில் வீடு அடுப்பாகிவிடும்.

என் தொழில் சார்ந்த ஒரு சோதனையும் உண்டு. சீலிங் போட நினைக்கும் அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். இப்போதே சத்தம் திரும்பி வந்தால், உலோகம் போட்ட பிறகு தொலைக்காட்சியும் பிள்ளைகளின் கூச்சலும் இன்னும் கூர்மையாகக் கேட்கும். ஒலிபரப்புக் கூடத்தின் சுவரிலும் கூரையிலும் நாங்கள் மெத்தைபோல் ஒட்டி வைத்திருப்பது இந்த எதிரொலியைக் கொல்லத்தான். கனத்த திரைச்சீலையும் தரை விரிப்பும் ஓரளவு உதவும்.

பழம்பொருள் கடைகளில் வெளிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றிய அசல் பழைய தகடுகள் கிடைத்தால் ஆசைப்பட்டு உடனே தேய்க்காதீர்கள். அந்தக் காலச் சாயத்தில் காரீயம் இருந்திருக்கும். அந்தத் தூள் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

உங்கள் வீடு ஜார்ஜ்டவுனின் உலக மரபுடைமைப் பகுதியில் இருந்தால், பழைய சீலிங்கில் கை வைக்கும் முன் மாநகர் மன்றத்தில் கேளுங்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ அறிவித்த அந்தப் பகுதி, பாதுகாப்பு வளையத்தையும் சேர்த்து ஏறக்குறைய 259 ஹெக்டேர். உங்கள் வீடு அதற்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

விலையையும் சொல்ல வேண்டும். எங்களுக்குச் சொன்ன விலை, சாதாரண பிளாஸ்டர் சீலிங்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே வீடு முழுக்கப் போட வேண்டியதில்லை. சாப்பாட்டு அறை, வாசல் முகப்பு, சமையலறை அடுப்புச் சுவர் என்று ஓரிடத்தில் போட்டாலே கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

சாமி மேடைக்கு மேலே

இந்தத் தைப்பூசத்துக்கு அண்ணன் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவர், கூடத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். சின்ன வயதிலிருந்து அவர் பார்க்காத வீடு அது. கொஞ்ச நேரம் கழித்து, "மாடிப்படியில ஒரு கைப்பிடி போட்டுடலாம். குளியலறையிலயும் ஒண்ணு" என்றார். அடுக்குமாடி பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு திறப்பாரோ என்னவோ. வயது ஏறுகிறது, படிகள் குறையவில்லை. அவர் கவலையும் நியாயமானதுதான். ஆனால் இந்த ஆண்டு வீடு விற்பனைக்கு இல்லை.

பெரியப்பாவுக்குத் தகடு ஆசை முழுதும் விடவில்லை. சாமி மேடைக்கு மேலே இரண்டடிக்கு இரண்டடியில் நான்கு அலுமினியத் தகடுகள் மட்டும் வாங்கினார். விளக்குப் புகை படிந்தால் பெரியம்மா ஈரத் துணியால் துடைத்துவிடுகிறார். முன்பு அங்கே சுவரும் பலகையும் கரியாகிக் கிடக்கும். விளக்கு ஏற்றியதும் தகட்டில் இருக்கும் தாமரைகள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

அன்று ரதம் சந்து முனைக்கு வந்தபோது தேங்காய் உடைத்துவிட்டு, பெரியப்பாவும் நானும் கூட்டத்தில் ஒதுங்கி நின்றோம். ரதத்தின் வெள்ளித் தகடு விளக்கொளியில் மின்னியது. எதிரே, அவர் முப்பது ஆண்டு ஈயம் உருக்கிய இடத்தில் உயர்ந்து நிற்கும் கட்டடம். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ரதத்தின் தகட்டையே பார்த்தபடி சொன்னார்:

"கை வேலைம்மா. ஒவ்வொரு பூவும் வேற வேற மாதிரி இருக்கு பாரு."

பார்த்தேன். உண்மைதான்.